ரோஜாப் பள்ளத்தாக்குச் சித்திரக்காரர்

ஒரு நோட்டும் ஒரு கேள்வியும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பில் படிக்கும் பையன் ஒருவனுக்கு அயல்நாட்டு நாணயங்களும் நோட்டுகளும் சேர்ப்பதில் அளவு கடந்த பிரியம். 2024-ஆம் வருஷத்தின் கடைசியில் ஒரு நாள், பூகோளப் புத்தகத்தின் நடுவே பத்திரமாக வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து எங்கள் முன் நீட்டினான். பல்கேரியா தேசத்தின் ஐந்து லெவா நோட்டு அது. ஒரு பக்கத்தில் ஓர் இளைஞரின் முகம். மறு பக்கத்தில் விசித்திரமான சித்திரங்களின் பகுதிகள்.

"ஸார், இவர் ராஜாவா, மந்திரியா, சேனாபதியா?" என்று கேட்டான்.

நாங்கள் கணவனும் மனைவியுமாக ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். ஒருவர் சரித்திரம் போதிக்கிறவர்; மற்றவர் சித்திரம் போதிக்கிறவர். சரித்திரத்துக்கும் சித்திரத்துக்கும் நடுவே வந்து நின்ற அந்தக் கேள்விக்கு எங்கள் இருவரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறோம்" என்று சொல்லி, உபாத்தியாயர்களின் கௌரவத்தை ஒருவாறு காப்பாற்றிக்கொண்டோம்.

அன்றிரவே தேடிப் பார்த்தோம். அவர் பெயர் இவான் மிலேவ். ராஜா அல்ல, மந்திரி அல்ல, சேனாபதியும் அல்ல. சித்திரக்காரர். 1897-இல் பிறந்து 1927-இல் இறந்துபோனவர். மறுநாள் இதைச் சொன்னோம். பையன் மனக் கணக்கில் கெட்டிக்காரன்.

"முப்பது வயசுக்குள்ளே செத்துப்போனவர் படத்தை எதற்காக ஸார் நோட்டிலே போட்டார்கள்? அவ்வளவு சீக்கிரத்திலே என்ன செய்திருக்க முடியும்?" என்றான்.

நியாயமான கேள்விதான். நாற்பது வயதைக் கடந்தும் இன்னும் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும் எங்களுக்கு அது சற்றுச் சுருக்கென்றும் தைத்தது. வெகு காலமாகச் சேர்த்துவைத்திருந்த பணத்தைக் கொண்டு எங்கேயாவது ஒரு தூர தேசத்தைப் பார்த்துவர வேண்டும் என்று நினைத்திருந்தோம். எந்தத் தேசம் என்பதைப் பையன் தீர்மானித்துவிட்டான். 2025 மே மாதக் கடைசியில், கோடை விடுமுறையில், பல்கேரியாவின் தலைநகரான ஸோபியாவில் போய் இறங்கினோம்.

இரண்டு மலைகளுக்கு நடுவே

மிலேவ் பிறந்த ஊர் கஸன்லக். ஸோபியாவிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்லும் ரயில் அந்த ஊருக்குப் போகிறது. வழி நெடுகிலும் வண்டியின் இடது பக்கத்தில் ஒரு பெரிய மலைத்தொடர் கூடவே வருகிறது. அந்நாட்டார் அதை 'ஸ்தாரா பிளானினா' என்கிறார்கள். 'பழைய மலை' என்று அர்த்தம். அதற்கே பால்கன் மலை என்றும் பெயர். ஐரோப்பாவின் அந்தத் தீபகற்பம் முழுவதுக்கும் பெயர் கொடுத்த மலை இதுதான். வலது பக்கத்தில் அதைவிடத் தாழ்ந்த மற்றொரு மலைத்தொடர்; அது 'நடு மலை'. இரண்டுக்கும் இடையே நீண்டு கிடக்கிறது ரோஜாப் பள்ளத்தாக்கு. கஸன்லக்கின் பக்கத்தில் துன்ஜா நதி ஓடுகிறது.

பெயரைக் கேட்டதும் வாசகர்கள் ராஜாக்களின் நந்தவனத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இங்கே ரோஜா என்பது பயிர். நம் கண்ணுக்குக் கத்தரித் தோட்டம் போலவே வரிசை வரிசையாக நிற்கிறது. பூ பெரிதும் அல்ல. இளஞ் சிவப்பு நிறமுள்ள டமாஸ்கஸ் ரோஜா. ஆனால் வாசனையோ, அப்பா! வெயில் ஏறினால் தைலம் ஆவியாகிப் போய்விடும் என்று விடியற்காலையிலேயே பறிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மே மாதத்திலும் ஜூன் முற்பகுதியிலுமாகச் சில வாரங்களே பருவம். ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு கிலோ பூவைக் கொப்பரையிலிட்டு வாலை வடித்தால் ஒரே ஒரு கிலோ தைலம் கிடைக்கும். அந்தக் கொப்பரைகளே ஊருக்குப் பெயரும் தந்தன. 'கஸன்' என்றால் துருக்கிய பாஷையில் கொப்பரை. கஸன்லக் என்றால் கொப்பரைகள் உள்ள இடம்.

மூவாயிரத்து ஐந்நூறு கிலோ பூவிலிருந்து ஒரு கிலோ தைலம் என்ற இந்தக் கணக்கைப் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டோம்.

நாங்கள் தங்கிய வீடு ஒரு கிழவியம்மாளுடையது. தலை முதல் கால் வரை கறுப்பு உடை. அவருடைய பேத்திக்கு இங்கிலீஷ் தெரியும். அவள்தான் எங்கள் துபாஷி. வந்த முதல் நாளே ஒரு குழப்பம் நேர்ந்தது. "ராத்திரி தயிர் சாப்பிடுகிறீர்களா?" என்று கிழவியம்மாள் கேட்டார். நாங்கள் மகிழ்ச்சியோடு தலையை மேலும் கீழுமாக ஆட்டினோம். அவர் முகம் வாடிப்போய்த் தயிர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை' என்று அர்த்தம். பக்கவாட்டில் அசைத்தால் 'ஆம்'. பேத்தி சிரித்துக்கொண்டே இதைச் சொல்லிக் கொடுத்த பிறகு, எங்களுக்கு இயற்கையாகவே கைவந்த பக்கவாட்டுத் தலையாட்டலைத் தாராளமாக உபயோகித்தோம். தயிரும் தாராளமாகக் கிடைத்தது. தயிருக்கு உலகப் பிரசித்தி பெற்ற தேசம் அது. பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர் ஒன்றை ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய வைத்திய மாணவர் 1905-இல் கண்டறிந்தார். அதற்குப் பல்கேரியாவின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னபோது கிழவியம்மாள் தம் கைப்பையைத் திறந்து ஐந்து லெவா நோட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, விரலால் அந்த முகத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எங்கள் ஊர்ப் பிள்ளை" என்றார்.

இடையன் மகன்

மிலேவ் பிறந்தது 1897 பிப்ரவரியில். தகப்பனார் ஆடு மேய்ப்பவர். பிறந்த நாட்டின் நிலைமையை அறிந்தால்தான் இந்தச் சிறு விஷயத்தின் பெருமை விளங்கும்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரியா துருக்கிய சுல்தானின் ஆட்சிக்குள் போயிற்று. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் அந்த நிலைமை நீடித்தது. அரசு போயிற்று, பிரபுக்கள் போனார்கள். மொழியையும் பாட்டையும் மாதா கோயில் சித்திரத்தையும் காப்பாற்றியவர்கள் குடியானவர்களும் துறவிகளுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் விழித்துக்கொண்டபோது முதலில் துப்பாக்கியை எடுக்கவில்லை, புத்தகத்தை எடுத்தார்கள். 1856 முதல் ஊருக்கு ஊர் வாசகசாலைகள் தோன்றின. கஸன்லக்கிலும் 1860-இல் ஒன்று ஏற்பட்டது. 'இஸ்க்ரா' என்று அதற்குப் பெயர். 'தீப்பொறி' என்று பொருள்.

ஊரிலிருந்து வடக்கே பார்த்தால் பழைய மலையின் மேல் ஷிப்கா கணவாய். 1877 ஆகஸ்டு மாதத்தில் ரஷ்யப் படையினரும் பல்கேரியத் தொண்டர் படையினரும் அந்தக் கணவாயைப் பிராணனைக் கொடுத்துக் காத்தார்கள். மறு வருஷம் பல்கேரியா மீண்டும் ஒரு தேசமாயிற்று. ஆகவே மிலேவ் பிறந்தபோது அந்தச் சுதந்திரத்துக்கு வயது பத்தொன்பதுதான். ஷிப்காவில் மகனை இழந்த தாய்மார்களும் புருஷனை இழந்த பெண்களும் இன்னும் உயிரோடு இருந்த காலம். பையன் வளர வளர மேலும் யுத்தங்கள் வந்தன. 1912-இலும் 1913-இலும் பால்கன் யுத்தங்கள். 1915-இல் பல்கேரியா ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து முதல் உலக யுத்தத்தில் இறங்கிற்று. மிலேவுக்கு இருபது வயது நிறைந்ததும் அவருக்கும் அழைப்பு வந்தது. 1917-இல் ருமேனியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். 1918 செப்டம்பரில் பல்கேரியா தோல்வியை ஒப்புக்கொண்டது.

யுத்தத்திலிருந்து திரும்பியவர் என்ன செய்தார்? இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு சந்தோஷம் காத்திருந்தது. ஹாஸ்கோவோ ஜில்லாவில் கோர்ஸ்கி இஸ்வோர் என்ற கிராமத்தில் பள்ளிக்கூட உபாத்தியாயராகப் போனார்! 'காட்டு ஊற்று' என்பது அந்த ஊர்ப் பெயரின் அர்த்தம்.

அங்கேயே இருந்திருந்தால் அவர் சம்பளமும் மரியாதையுமாக நெடுநாள் வாழ்ந்திருக்கலாம். கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது தாழ்ந்த வேலை அல்ல என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? ஆனால் சிலருக்கு உள்ளே ஓர் ஊற்று இருக்கிறது. அதை மூடிவைக்க முடியாது. 1920-இல் இருபத்து மூன்று வயதில், சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, தாமே மாணாக்கராகிச் ஸோபியாவுக்குப் போனார். அவருக்கு இன்னும் ஆறு வருஷமும் சில மாதங்களுமே மிச்சமிருந்தன.

பொன் போய் வந்த வழி

ஸோபியாவில் அரசாங்கச் சித்திரப் பள்ளி ஏற்பட்டது 1896-இல். அதை நிறுவியவர்களில் இவான் ம்ர்க்விச்கா என்பவர் செக் தேசத்துக்காரர். 1881-இல் சித்திரம் கற்பிக்க வந்து அந்த நாட்டிலேயே தம்மை இணைத்துக்கொண்டவர். மற்றொருவரான போரிஸ் ஷாட்ஸ் பிற்பாடு ஜெருசலத்துக்குப் போய் 1906-இல் பெஸலேல் கலைப் பள்ளியை ஏற்படுத்தினார். புதிய தேசத்துக்குச் சித்திரம் கற்றுக்கொடுக்கப் பிற தேசத்தாரின் உதவி தேவையாக இருந்தது. இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் அதிலிருந்து ஒரு பெரிய கேள்வி பிறந்தது. 'நம்முடைய சித்திரம்' என்பது எது? ஐரோப்பியப் பாணியில் பல்கேரியக் குடியானவனை எழுதிவிட்டால் அது பல்கேரியச் சித்திரமாகிவிடுமா? அல்லது நம் பாட்டன்மார் கோயில் சுவரில் எழுதினபடியே நாமும் எழுத வேண்டுமா?

மிலேவ் மாணாக்கராக இருந்த வருஷங்களில் இந்த விவாதம் உச்சத்தில் இருந்தது. 'நாட்டுக் கலை' என்ற பெயரால் ஓர் இயக்கமே நடந்தது. கவிஞர்களும் சித்திரக்காரர்களும் சிற்பிகளும் அதில் சேர்ந்தார்கள். விளதிமிர் திமித்ரோவ் என்ற பெரிய சித்திரக்காரர், மக்களால் 'மாயிஸ்தரா' என்று, அதாவது 'ஆசான்' என்று, அழைக்கப்பட்டவர், குடியானவர்களின் முகங்களையும் பழங்களையும் பூக்களையும் கண்ணைப் பறிக்கும் வர்ணங்களில் எழுதினார். மிலேவ் வேறொரு வழியில் போனார்.

அவருடைய ஆசிரியர் ஸ்டெபான் பட்ஜோவ். அலங்காரக் கலையில் வல்லவர். அந்தப் பிரிவிலேதான் மிலேவ் படித்தார். அலங்காரக் கலை என்றால் அக்காலத்தில் எல்லோருடைய கண்ணும் வியன்னாவின் மேல் இருந்தது. அந்த நகரத்தில் இளங் கலைஞர்கள் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து சென்று 'ஸெஸெஷன்' என்ற புது இயக்கத்தைத் தொடங்கினார்கள். 'பிரிந்து போதல்' என்று பொருள். அது நடந்தது 1897-இல். மிலேவ் பிறந்த அதே வருஷம். அவர்களின் தலைவர் குஸ்தாவ் கிளிம்ட். வளைந்து வளைந்து ஓடும் கோடுகள், நீண்ட உருவங்கள், உடை முழுவதும் கோலம் போட்டாற்போன்ற நுண்ணிய அலங்காரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொன் நிறம் — இவை கிளிம்டின் கையடையாளங்கள்.

மிலேவின் சித்திரங்களைக் கஸன்லக் சித்திரசாலையிலும், ஸோபியாவில் வாங்கிய படத்தொகுதியிலும் பார்த்தோம். 1925-இல் அவர் எழுதிய 'ஆஹினோரா' என்ற சித்திரத்தைப் பார்க்கிறவர்கள் உடனே "இது கிளிம்ட்!" என்று சொல்லிவிடுவார்கள். அவரைப் 'பல்கேரியாவின் கிளிம்ட்' என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்களில் சரித்திர உபாத்தியாயர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே இருந்தார்.

"அப்படியானால் கடன் வாங்கின பாணிதானே? இதற்காகவா நோட்டில் படம்?" என்று கேட்டார்.

சித்திர உபாத்தியாயினிக்குக் கோபம் வந்துவிட்டது. "கிளிம்டுக்கு அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்" என்றார்.

சங்கதி இதுதான். கிளிம்ட் 1903-இல் இத்தாலியிலுள்ள ராவென்னா நகரத்துக்குப் போனார். அங்கே பழைய மாதா கோயில்களில் பைஸாந்தியச் சக்கரவர்த்திகளின் காலத்தில் பதித்த பொற்சில்லுச் சித்திரங்கள் இருக்கின்றன. அவற்றைக் கண்டு பிரமித்துப்போய்த்தான் பொன்னை அவ்வளவு தாராளமாகக் கையாளத் தொடங்கினார். பைஸாந்தியமோ பல்கேரியாவுக்கு அடுத்த வீடு. அந்த மரபின் பொற்பின்னணியும் நீண்ட முகங்களும் ஆழ்ந்த கண்களும் பல்கேரியக் கோயில்களிலும் மடங்களிலும் நூற்றாண்டுக் கணக்காக இருந்துவருகின்றன. சகாரி ஸோகிராப் போன்ற கோயில் சித்திரக்காரர்கள் துருக்கிய ஆட்சியிலேயே அந்த விளக்கை அணையாமல் வைத்திருந்தார்கள். ஆகவே அந்தப் பொன் ராவென்னாவிலிருந்து வியன்னாவுக்குப் போய், அங்கே நாகரிக உடை அணிந்துகொண்டு, மிலேவின் கையில் மீண்டும் தன் பழைய வீட்டுக்குள் நுழைந்தது. கடன் வாங்கினவர் யார், உடையவர் யார் என்று இங்கே வழக்குத் தீர்ப்பது எளிதல்ல.

இன்னொன்றும் சித்திர உபாத்தியாயினி எடுத்துக் காட்டினார். மிலேவ் பெரும்பாலும் எண்ணெய் வர்ணத்தில் எழுதவில்லை. நீர் வர்ணத்திலும் 'டெம்பரா' என்ற முறையிலுமே எழுதினார். டெம்பரா என்பது வர்ணப் பொடியை முட்டைக் கருவிலோ பசையிலோ குழைத்துத் தீட்டும் பழைய முறை. கோயில் சித்திரக்காரர்கள் கையாண்டதும் இதையே. எண்ணெய் வர்ணம் காய நாளாகும். அதனால் அழிக்கலாம், திருத்தலாம், யோசிக்கலாம். டெம்பரா கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். போட்ட கோடு போட்டதுதான். கை நடுங்காதவருக்கே அது வசப்படும். அவகாசம் இல்லாதவருக்கும் அது ஏற்றதுதானோ என்று எங்களுக்குத் தோன்றிற்று.

கறுப்பு உடை

பொன்னைப் பற்றி இவ்வளவு சொன்னோம். மிலேவின் சித்திரங்களில் பொன்னுக்கு ஈடாக நிற்கும் மற்றொரு நிறம் கறுப்பு.

1923 ஜூன் 9-ஆம் தேதி பல்கேரியாவில் குடியானவர் கட்சியின் அரசாங்கத்தை ராணுவத்தாரும் அவர்களைச் சேர்ந்தவர்களும் கவிழ்த்தார்கள். பிரதம மந்திரி ஸ்தாம்போலீஸ்கி சில நாளைக்குள் கொடூரமாகக் கொல்லப்பட்டார். அதே வருஷம் செப்டம்பரில் கம்யூனிஸ்டுகளும் குடியானவர்களும் கலகம் செய்தார்கள். சில நாளில் அது ஒடுக்கப்பட்டது. கிராமங்களில் ரத்தம் ஓடிற்று. அயல்நாட்டுப் பகைவர் யாரும் இல்லை. பல்கேரியர் கையாலேயே பல்கேரியர் மாண்டனர்.

மிலேவ் அப்போது மாணாக்கர். 'சிவப்புச் சிரிப்பு' என்ற கம்யூனிஸ்டு விகடப் பத்திரிகைக்குக் கேலிச் சித்திரங்கள் எழுதியவர். இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. 'செப்டம்பர் 1923' என்ற சித்திரத்தை எழுதினார்.

அதே கலகத்தைப் பற்றி 'செப்டம்பர்' என்ற நெடுங் கவிதையை 1924-இல் வெளியிட்டவர் கெயோ மிலேவ். பெயர் ஒற்றுமைதான், உறவினர் அல்லர். உலக யுத்தத்தில் ஒரு கண்ணை இழந்தவர். நாட்டுக் கலை எது என்பதைப் பற்றி ஆழ்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர். 1925 மே மாதத்தில் போலீசார் அவரை அழைத்துப் போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. பல வருஷங்கள் கழித்து ஒரு பெருங்குழியில் கிடைத்த எலும்புகளுக்கிடையே, அவர் அணிந்திருந்த கண்ணாடிக் கண்ணைக் கொண்டே அவரை அடையாளம் கண்டார்கள். கவிஞருக்கு வயது முப்பது. இரண்டு மிலேவ்களில் ஒருவருக்கும் முப்பத்தோராவது பிறந்தநாள் வாய்க்கவில்லை.

மறு வருஷம், 1926-இல், இவான் மிலேவ் எழுதிய ஒரு சித்திரத்துக்கு 'நம் தாய்மார் எப்போதும் கறுப்பே உடுத்துகிறார்கள்' என்று பெயர். இறந்தவன் எந்தக் கட்சி என்று அந்தப் பெயர் சொல்லவில்லை. ஷிப்காவில் இறந்தவனா, ருமேனியப் போர்முனையில் இறந்தவனா, செப்டம்பரில் சுடப்பட்டவனா என்று அது கேட்கவும் இல்லை. 'எப்போதும்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது. வியன்னாவின் வளைகோடு கண்ணைக் களிப்பிப்பதற்கென்று பிறந்தது. சீமாட்டிகளின் பட்டாடையில் விளையாடியது. அதே கோட்டை மிலேவ் பல்கேரியத் தாயின் குனிந்த முதுகுக்குக் கொடுத்தார். அந்தக் கணத்தில் கடன் தீர்ந்துவிட்டது, கோடு அவருடையதாயிற்று.

படத்தொகுதியில் அந்தப் பக்கத்தைத் திறந்து மேஜைமேல் வைத்திருந்தோம். கிழவியம்மாள் தேநீர் கொண்டுவந்தவர் அப்படியே நின்று பார்த்தார். எங்களில் சித்திர உபாத்தியாயினி பேத்தியிடம் மெதுவாக, "பாட்டி எத்தனை வருஷமாகக் கறுப்பு உடுத்துகிறார்கள்?" என்று கேட்கச் சொன்னார்.

பதினொரு வருஷமாம். தாத்தா போனதிலிருந்து.

"பாட்டியின் அம்மாவும் இப்படித்தான் இருந்தாளாம்" என்று பேத்தி சொன்னாள். "நீயும் உடுத்துவாயா?" என்று கேட்டோம். அவள் தலையை மேலும் கீழுமாக ஆட்டினாள். ஒரு நிமிஷம் யோசித்த பிறகே அதற்கு 'இல்லை' என்று அர்த்தம் என்பது எங்களுக்கு நினைவு வந்தது. கேட்டு மனம் நிறைந்தது.

மண்ணுக்குள் இருந்த சித்திரம்

கஸன்லக்கில் நாங்கள் பார்த்த மற்றொரு விஷயத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1944-இல், யுத்த காலத்தில், ஊரின் ஓரத்திலுள்ள ஒரு மேட்டில் சிப்பாய்கள் குழி தோண்டியபோது செங்கல் கட்டடம் ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் வட்டமான ஓர் அறை. மேலே மணியைக் கவிழ்த்தாற்போன்ற கூரை. அதன் உட்புறம் முழுவதும் சித்திரம்! இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பு அங்கே வாழ்ந்த திரேசியர் என்ற ஜாதியாரின் கல்லறை அது. 1979-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாக யுனெஸ்கோ அதைச் சேர்த்துக்கொண்டது. மூச்சுக் காற்றுப் பட்டால் வர்ணம் கெடும் என்பதால், பக்கத்திலேயே அச்சாக அதைப் போல ஒன்றைக் கட்டி ஜனங்களுக்குக் காட்டுகிறார்கள்.

கூரையில் ஒரு பிரபுவும் அவன் மனைவியும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். குதிரைகள் வருகின்றன, வாத்தியக்காரர்கள் நிற்கிறார்கள், தட்டில் பழம் வருகிறது. அவளோ எதையும் பார்க்கவில்லை. தலை குனிந்திருக்கிறது. அவன் அவளுடைய கையைப் பற்றியிருக்கிறான். பிரிவுபசாரம் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

நாங்கள் இருவரும் வெகுநேரம் பேசவில்லை. குனிந்த அந்தத் தலையை முந்தின நாள்தான் வேறோர் இடத்தில் பார்த்திருந்தோம். மிலேவ் அந்தக் கல்லறையைப் பார்த்தவரில்லை. அது வெளிப்படுவதற்குப் பதினேழு வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார். சின்ன வயதில் அந்த மேட்டின் அருகே அவர் ஓடி விளையாடியிருக்கலாம். காலடியில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மண்ணில் சித்திரம் எழுத வந்தவர்கள் இருவரும், இடையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வருஷங்கள் கிடந்தும், ஒரே காட்சியின் முன்னால் தூரிகையை நிறுத்தியிருக்கிறார்கள். இதில் மர்மம் எதுவும் இருப்பதாக நாங்கள் சொல்லவில்லை. சாவு எங்கும் உள்ளது. துக்கிக்கிற பெண்ணும் எங்கும் உள்ளவள். அவளை உற்றுப் பார்க்கத் துணிகிற சித்திரக்காரர்தான் எங்கும் கிடைப்பதில்லை.

கடைசி வருஷங்கள்

மிலேவ் 1925-இல் படிப்பை முடித்தார். மூன்று தடவை தம் சித்திரங்களைத் தனியாகக் காட்சிக்கு வைத்தார். நாடக மேடைக்குக் காட்சிகள் அமைத்தார். பழைய கதைப் பாட்டுகளின் வீரனான கிராலி மார்க்கோவைத் தீட்டினார். காத்யா நவுமோவா என்ற பாடகியை மணந்துகொண்டார். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. கலகமும் துக்கமும் ஒருபுறமிருக்க, கலியாணமும் குழந்தையும் புகழும் ஒருமிக்க வந்து சேர்ந்த நாட்கள் அவை.

1927 ஜனவரியில் ஸோபியாவில் அவருக்கு விஷக் காய்ச்சல் கண்டது. 'இன்ஃப்ளுயென்ஸா'வாகத்தான் வந்தது. ஜனவரி 25-ஆம் தேதி காலமானார். முப்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. போர்முனையிலிருந்து பிழைத்து வந்தவர், கவிஞர்களைக் கொன்ற காலத்தையும் தாண்டி வந்தவர், ஒரு காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் குளிர்காலத்தில் ஸோபியாவில் இன்னொரு பெண் கறுப்பு உடுத்தினாள்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்தைவிட்டுப் புறப்பட்ட நாள் முதல் கணக்கிட்டால் ஏழு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. நம் பள்ளிக்கூடங்களில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை ஏழாம் வகுப்புத் தேறுவதற்கு ஆகும் காலம் அது!

விடை

ஊர் திரும்பும்போது கிழவியம்மாள் ஐந்து லெவா நோட்டு ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, பையனுக்கு என்று சொன்னார். 1999-இல்தான் மிலேவின் முகத்தோடு அந்த நோட்டு முதன்முதலாக வெளியாயிற்று. நாங்கள் போயிருந்தபோது அது செலாவணியில் இருந்தது. ரொட்டிக்கும் ரயில் டிக்கட்டுக்கும் பல்கேரிய மக்கள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு ஓர் இடையன் மகனின் முகத்தைத்தான் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2026 ஜனவரி முதல் தேதியன்று பல்கேரியா யூரோ நாணயத்தை ஏற்றுக்கொண்டது, லெவா விடைபெற்றது.

"இனிமேல் என் முகம் இல்லாத நோட்டு என்று அவர் வருத்தப்படுவாரோ?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். "அவர் உயிரோடு இருந்தபோது அந்த நோட்டு அவரிடம் நிறைய இருந்திருக்காது, இப்போது அவருக்கு என்ன நஷ்டம்?" என்றார் மற்றவர். சித்திரங்கள் இருக்கின்றன. காகிதத்திலும் அட்டையிலும் எழுதிய சித்திரங்கள், பணத்தைவிட நீடித்திருக்கின்றன.

பள்ளிக்கூடம் திறந்ததும் பையன் ஓடி வந்தான். நோட்டைக் கொடுத்தோம். கல்லறையின் கூரைப் படத்தையும் கறுப்பு உடைத் தாய்மாரின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். வகுப்பே கூடிவிட்டது. அவ்வளவு சீக்கிரத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்டவன், வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கடைசியாக ஒரு கேள்வி கேட்டான்.

"இவர் முதலிலே என்ன வேலை பார்த்தார், ஸார்?"

"உபாத்தியாயர்" என்றோம்.

பையன் நோட்டிலிருந்த முகத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் மனத்தில் என்ன ஓடியதோ, நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் முதல் சித்திர வகுப்புக்கு மட்டும் அவன் நேரம் தவறாமல் வந்துகொண்டிருக்கிறான்.